நாடாவும் தாரும்

2021 மே மாதக் கடைசி. ஊரடங்கில் ஆரணியின் தறிச் சத்தம் அடங்கிக் கிடந்தது. பெரியப்பாவுக்குக் கொரோனா வந்து போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. மூச்சுத் திணறலுக்கு ஸ்டீராய்டு கொடுத்திருந்தார்கள். பதினைந்து வருடச் சர்க்கரை வேறு. ஒருநாள் காலை எழுந்தபோது வலது கன்னம் வீங்கியிருந்தது. மறுநாள் வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. பெரியம்மா டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். மேலண்ணத்தில் கறுப்பாக ஒரு திட்டு.

தமிழ்நாடு அரசு அந்த மாதம்தான் கரும்பூஞ்சையைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியிருந்தது. அதனால் பெயர் எங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கறுப்பு பூஞ்சையின் நிறம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பூஞ்சை ரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைத்துவிடுகிறது. ரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கிறது. செத்த சதையின் நிறம் அது.

சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் நேரடியாகச் சொன்னார். "ஆபரேஷன் பண்ணி எடுக்கணும், கண்ணுக்கு உத்தரவாதம் இல்ல. கூடவே ஆம்போடெரிசின்-பி ஏத்தணும். அதுல ரெண்டு வகை இருக்கு. சாதா வகை கிட்னியைப் பதம் பாத்துடும். லைப்போசோமல் கிடைச்சா நல்லது. கிடைக்குதான்னு நீங்களும் வெளிய பாருங்க."

பெரியப்பா அறுபது கிலோ. கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம். ஒரு குப்பியில் இருப்பது 50. ஆக, நாளொன்றுக்கு ஆறு குப்பி. அதுவும் வாரக்கணக்கில். அப்போது எங்களுக்குக் கிடைத்த விலையில் ஒரு குப்பி என்பது கிட்டத்தட்ட ஒரு பட்டுப்புடவைக்குப் பெரியப்பா வாங்கும் நெசவுக் கூலி. அவரும் பெரியம்மாவும் சேர்ந்து உட்கார்ந்தாலும் மாதத்துக்கு நான்கு புடவை இறக்குவதே பெரிது. ஒன்றரை மாத உழைப்பு ஒரே நாளில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்க வேண்டும்.

முதல் நான்கு நாளும் சாதா வகைதான் கிடைத்தது. கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போனது. குளிர் நடுக்கத்தில் கட்டில் ஆடியது. ஐந்தாம் நாள் லைப்போசோமல் வந்தது. அதற்கு முன்பே வலது கண்ணை எடுத்திருந்தார்கள்.

வீடு திரும்பிப் பல மாதங்கள் கழித்து, ஒரு மத்தியான நேரத்தில் பெரியப்பா கேட்டார். "ஏன்டா, ரெண்டும் ஒரே மருந்துதானே? ஒண்ணு சில்லறைக் காசு, ஒண்ணு ஒரு பொடவக் கூலி. அப்படி இன்னாதான்டா வச்சிக்கிறான் அதுல?"

இந்தக் கட்டுரை அவருக்குச் சொன்ன பதிலின் நீண்ட வடிவம். பதிலைத் தேடிப் போனபோது, எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் அந்தக் கதையின் ஒரு முக்கியமான அத்தியாயம் நடந்திருப்பதைக் கண்டேன். ஆகவே இது வரலாற்றுக் கட்டுரையாகவும் ஆகிவிட்டது.

*

ஆரணியில் பிறந்தவர்களுக்கு லைப்போசோமை விளக்குவது சுலபம். கோரா பட்டில் இருந்து தொடங்கலாம். புழு நூற்ற பட்டின்மேல் செரிசின் என்ற பசை படிந்திருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் நூலை அவித்தால் பசை கரைந்து வெளியேறும். எடையில் ஏறக்குறைய கால்வாசி போய்விடும். அதன்பிறகுதான் பட்டுக்குப் பளபளப்பு வரும், சாயம் ஏறும். சின்ன வயதில் அந்தச் சாயப் பட்டறை வாசலில் நின்று நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

அந்தச் சோப்பின் மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வால் கொழுப்பு, அதற்குத் தண்ணீரே ஆகாது. தண்ணீரில் போட்டால் வால்களை எல்லாம் உள்ளே மறைத்து, தலைகளை வெளியே காட்டி, சின்னச் சின்ன உருண்டைகளாகக் கூடிக்கொள்ளும். நீரை நிறைய ஊற்றினால் உருண்டை கலைந்துவிடும்.

முட்டையின் மஞ்சள் கருவிலும் சோயாவிலும் இருக்கும் லெசித்தின் இதற்குப் பங்காளி முறை. இதற்கு ஒரு தலை, இரண்டு வால். இரண்டு வால் இருப்பதால் உடம்பு பருமனாகி, சின்ன உருண்டையாக வளைய முடியாது. அதனால் இரண்டு அடுக்காகப் பாய் விரித்ததுபோல் படர்கிறது. வால்கள் நடுவில், தலைகள் இரண்டு பக்கமும். பாயின் ஓரம் தண்ணீரில் படக்கூடாது என்பதால் அது தானாகவே மடங்கி, மூடிக்கொண்டு, உள்ளே கொஞ்சம் தண்ணீரோடு ஒரு பையாகிவிடுகிறது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் இருக்கும் சவ்வும் அடிப்படையில் இதே இரட்டைப் பாய்தான்.

இதை முதலில் தெளிவாகப் பார்த்தவர் அலெக் பாங்கம். கேம்பிரிட்ஜ் அருகே பேப்ரகாமில் ரத்தத்தைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்த மருத்துவர். 1960களின் தொடக்கத்தில் அவரும் ராபர்ட் ஹார்னும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் லெசித்தினை வைத்துப் பார்த்தபோது, வெங்காயத்தை வெட்டியதுபோல் அடுக்கடுக்கான வளையங்கள் தெரிந்தன. 1964இல் படங்கள் வெளியாயின. அடுத்த வருடம், அந்தப் பைகள் தமக்குள் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்றும் காட்டினார்கள். 'லைப்போசோம்', அதாவது கொழுப்பு உடல் என்ற பெயர் 1968இல் அமெரிக்காவின் ஜெரால்ட் வைஸ்மன் குழுவினரிடமிருந்து வந்தது. அதுவரை நண்பர்கள் விளையாட்டாக 'பாங்கசோம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

பாங்கமுக்கு இது செல் சவ்வின் மாதிரி பொம்மை. இதற்குள் மருந்தை வைத்து அனுப்பலாம் என்ற எண்ணம் லண்டனில் வந்தது. 1971இல் கிரிகரி கிரிகோரியாடிஸும் பிரெண்டா ரைமனும் ஒரு நொதியை லைப்போசோமுக்குள் அடைத்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். அவர்கள் மனதில் இருந்தது புற்றுநோயோ பூஞ்சையோ இல்லை. பிறவியிலேயே ஏதோ ஒரு நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகள். அங்கேதான் வேலூர் வருகிறது.

*

எங்கள் பக்கத்தில் "வேலூருக்கு எழுதிட்டாங்க" என்றால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போகும் பேருந்தில் எப்போதும் யார் மடியிலாவது ஓர் எக்ஸ்ரே கவர் இருக்கும். சி.எம்.சி. எங்களுக்கு ஆஸ்பத்திரி மட்டும்தான். அங்கே ஆய்வகம் இருந்தது, அதில் நோயாளியைப் பார்க்காத விஞ்ஞானிகளும் வேலை செய்தார்கள் என்பது எங்கள் பேச்சில் வந்ததே இல்லை.

பிமல் குமார் பச்சாவத் கல்கத்தாக்காரர், 1925இல் பிறந்தவர். அமெரிக்காவில் மைனர் கூனிடம் வேலை செய்தபோது, உடம்பு கொழுப்பைக் கையாளும் பாதையில் ஒரு முக்கியமான நொதியைக் கண்டறிந்தவர். ஊர் திரும்பிய பின், 1950களின் இறுதியில் வேலூருக்கு வந்து சேர்ந்தார். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை மருத்துவரான ஜேக்கப் சாண்டி அங்கே நரம்பியல் துறையைக் கட்டியெழுப்பிக்கொண்டிருந்த காலம். அத்துறையோடு ஒட்டி ஒரு நரம்புவேதியியல் ஆய்வகம் உருவானது. பச்சாவத் 1976 வரை அங்கே இருந்தார். 1962இல் பட்நாகர் விருது வாங்கியபோது அவர் வேலூர்க்காரர்.

1963இல் அந்த ஆய்வகத்தின் பெயர் உலகம் முழுக்கப் போன ஒரு கட்டுரை வந்தது. மெட்டாகுரோமாட்டிக் லூக்கோடிஸ்ட்ரோபி என்றொரு நோய். நடக்கக் கற்றுக்கொண்ட குழந்தை மெல்ல நடையை மறக்கும், பிறகு பேச்சை மறக்கும். மூளையில் ஒருவகைக் கொழுப்பு கரையாமல் சேர்ந்துகொண்டே போகும். ஏன் சேர்கிறது? அதை உடைக்க வேண்டிய சல்ஃபட்டேஸ் என்ற நொதி அந்தக் குழந்தைகளிடம் குறைவு. அமெரிக்க நரம்பியலாளர் ஜூலியன் ஆஸ்டினோடு சேர்ந்து இதைக் காட்டிய கட்டுரையில் பாலசுப்ரமணியன், பட்டாபிராமன், சரஸ்வதி என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. நம் பக்கத்துப் பெயர்கள்.

காரணம் தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி தானாக எழும். இல்லாத நொதியை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? கொடுக்கலாம், ஆனால் நொதி ஒரு புரதம். ரத்தத்தில் விட்டால் வழியிலேயே சிதைந்துவிடும், அல்லது உடம்பு அதை எதிரி என்று நினைத்துத் தாக்கும். தப்பித்தாலும் சரியான செல்லுக்குள் எப்படி நுழையும்? லண்டன்காரர்களும் வேலூர்க்காரர்களும் வெவ்வேறு திசையிலிருந்து வந்து நின்ற இடம் இது. மருந்து கையில் இருந்தும் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லாத இடம்.

*

1975இல் 'நேச்சர்' இதழில் மூன்று பேர் பெயரில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. ஒருவர் வேலூரில் பச்சாவத்திடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த அவதேஷ சுரோலியா, இன்னொருவர் பச்சாவத், மூன்றாமவர் எஸ்.கே. பொட்டர். தலைப்பைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆமணக்கு விதை!

எங்கள் ஊர் வேலி ஓரங்களில் தானாக முளைத்துக் கிடக்கும் அதே ஆமணக்கு. அதன் விதையில் லெக்டின் என்ற வகைப் புரதம் உண்டு. லெக்டினின் வேலை சர்க்கரையை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்வது. ஆமணக்கு லெக்டினுக்கு காலக்டோஸ் என்ற சர்க்கரைமேல் ஆசை. இவர்கள் லைப்போசோமின் சுவரில் காங்ளியோசைடு என்ற பொருளைச் சேர்த்தார்கள். அதன் சர்க்கரைக் கிளை பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆமணக்கு லெக்டின் வந்து அதைப் பிடித்துக்கொண்டது.

இதில் என்ன பெரிய விஷயம்? வெறும் கொழுப்புப் பைக்கு முகவரி கிடையாது. ரத்தத்தில் விட்டால் கல்லீரலிலும் மண்ணீரலிலும் இருக்கும் விழுங்கு செல்கள் அதைக் குப்பை என்று நினைத்து வாரிக்கொண்டு போய்விடும். ஆனால் பையின் மேல் ஒரு சர்க்கரையை ஒட்டினால், அந்தச் சர்க்கரையைப் படிக்கத் தெரிந்த ஒன்று அதை அடையாளம் காணும். நம் உடம்பின் செல்களிலும் அப்படிப் படிக்கத் தெரிந்த புரதங்கள் இருக்கின்றன. பார்சலுக்குப் பின்கோடு எழுத முடியும் என்பதற்கான முதல் சைகைகளில் ஒன்று அது. 1977இல் சுரோலியாவும் பச்சாவத்தும் இதே வகை லைப்போசோமுக்குள் நொதியை அடைத்து, அதைக் கல்லீரல் செல்கள் எப்படி எடுத்துக்கொள்கின்றன என்று எழுதினார்கள்.

அதற்குள் பச்சாவத் கல்கத்தாவுக்குப் போயிருந்தார். இன்று இந்திய வேதி உயிரியல் நிறுவனம் என்று அழைக்கப்படும் ஆய்வகத்தின் இயக்குநராக. அங்கே அவர் குழு 1980களின் தொடக்கத்தில் பின்கோடை இன்னும் நுணுக்கமாக எழுதிப் பார்த்தது. காலக்டோஸ் ஒட்டிய லைப்போசோம் கல்லீரலின் முக்கிய செல்களுக்குப் போனது. மேனோஸ் ஒட்டியது அதே கல்லீரலில் இருக்கும் விழுங்கு செல்களுக்குப் போனது. ஒரே தெரு, ஆனால் வேறு வேறு வீடு.

*

இனி ஆம்போடெரிசின். 1950களில் வெனிசுவேலாவின் ஓரினோக்கோ ஆற்றங்கரை மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுத்த மருந்து. பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது. மருந்து அதைப் பற்றிக்கொள்ளும், சவ்வு பாழாகும், பூஞ்சை சாகும். சிக்கல் என்னவென்றால் நம் செல் சவ்வில் இருக்கும் கொலஸ்டெரால் எர்கோஸ்டெராலுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. ஆள் மாறாட்டத்தில் நம் செல்லும் அடி வாங்கும், முக்கியமாகச் சிறுநீரகம். அமெரிக்க மருத்துவர்கள் இதன் பெயரை 'ஆம்போடெரிபிள்' என்று திரித்துச் சொல்வது உண்டு.

இந்த மருந்து தண்ணீரில் கரையாது. ஆகவே சாதா வகையிலும் ஒரு சுமை தூக்கி உண்டு. அது பித்த உப்பு. சோப்பு ஜாதி. சோப்பு உருண்டைக்கு நேர்வது இதற்கும் நேர்கிறது. ரத்தத்தில் கலந்ததும் உருண்டை கலைந்து, மருந்து கண்ட இடத்தில் இறங்கிவிடுகிறது. லைப்போசோம் வகையில் மருந்து இரட்டைப் பாயின் சுவருக்குள்ளேயே செருகப்பட்டிருக்கிறது. பாய் அவ்வளவு லேசில் பிரியாது. மனித செல்லின் பக்கம் போகும்போது மருந்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. பூஞ்சையைத் தொடும்போது, எர்கோஸ்டெராலின் இழுப்பு அதிகம் என்பதால் மருந்து அங்கே கைமாறுகிறது. அதனால்தான் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமே தாங்காத உடம்பு, ஐந்து மில்லிகிராமைத் தாங்குகிறது.

1990இல் ஐரோப்பாவிலும் 1997இல் அமெரிக்காவிலும் 'ஆம்பிசோம்' என்ற பெயரில் இது அனுமதி பெற்றது. ஆனால் பச்சாவத் அதற்குக் காத்திருக்கவில்லை. 1985இல் டெல்லிப் பல்கலைக்கழகத் தென் வளாகத்துக்கு மாறிய அவர், அங்கே லைப்போசோமல் ஆம்போடெரிசினை உள்நாட்டிலேயே செய்யும் வேலையில் இறங்கினார். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நிலிமா க்ஷீர்சாகர் அதை நோயாளிகளிடம் சோதித்தார். அந்த வழியில் உருவானதுதான் 'ஃபங்கிசோம்' என்ற இந்திய மருந்து. ஏற்றுவதற்கு முன் குப்பியை ஒலி அலைகளால் அதிரவைத்துக்கொள்ள வேண்டும் என்ற சின்னத் தொந்தரவு அதில் உண்டு, ஆனால் வெளிநாட்டுக் குப்பியைவிட விலை குறைவு. 1996இல் பச்சாவத் இறந்துபோனார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த மருந்தில் சர்க்கரைப் பின்கோடு எதுவும் இல்லை. ஆமணக்குச் சோதனைக்கும் குப்பிக்கும் நேர்கோடு போட முடியாது. வேலூரிலிருந்து டெல்லிவரை வந்தது அந்த மனிதரும், கொழுப்பைப் பையாக்கும் அவர் கைப்பழக்கமும், கொண்டு சேர்ப்பது எப்படி என்ற அந்தப் பழைய கேள்வியும்தான்.

பின்கோடு இல்லாமலே அதிர்ஷ்டம் அடித்த இடமும் உண்டு. பிகாரின் காலா-அசார் நோய்க் கிருமி ஒளிந்திருப்பது அதே விழுங்கு செல்களுக்குள். லைப்போசோமைக் குப்பை என்று வாரி விழுங்கும் செல், கூடவே தன் எதிரிக்கான விஷத்தையும் விழுங்கிவிடுகிறது. முசாஃபர்பூரில் ஷியாம் சுந்தர் குழு நடத்திய சோதனை 2010இல் வெளியானது. முன்பு ஒரு மாதம் படுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் 15 முறை ஏற்றிக்கொண்ட இடத்தில், லைப்போசோமல் மருந்து ஒரே ஒரு முறை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தேறினார்கள். கூலி வேலைக்குப் போகிறவனுக்கு அந்த ஒரு மாதம் என்பது என்ன என்று நெசவாளி வீட்டில் யாரும் விளக்க வேண்டியதில்லை.

*

2021 மேயில் ஆறு குப்பிக்காக நான் தொலைபேசியோடு அலைந்தபோது இதெல்லாம் தெரியாது. பிறகு பழைய செய்திகளைப் படிக்கும்போது ஒரு விஷயம் உறுத்தியது. அன்றைக்குத் தட்டுப்பாடு மருந்துக்கு மட்டும் இல்லை. அதைச் சுமக்கும், மிகத் தூய்மையான அந்த இரண்டு வால் கொழுப்புக்கும்தான். வழக்கமாகச் சில ஆயிரம் பேருக்குச் செய்துகொண்டிருந்ததைத் திடீரென்று பல மடங்கு கேட்டால், கொழுப்பைச் சுத்தமாக்கும் வேலையை ஒரே வாரத்தில் பெருக்க முடியாது. மத்திய அரசு மாநிலங்களுக்குக் குப்பிகளை எண்ணிப் பிரித்துக் கொடுத்தது. ஜூன் மாதம் ஜி.எஸ்.டி.யை நீக்கினார்கள். எங்கள் ஐந்தாம் நாள் அந்தப் பங்கீட்டில் எங்கோ ஓரிடத்தில் தீர்மானமாகியிருக்க வேண்டும்.

அறிவு நமக்கு இல்லாமல் இல்லை. முப்பது, நாற்பது வருடமாக இந்த நாட்டில் அந்தக் கைப்பழக்கம் இருந்திருக்கிறது. ஆனால் கண்டுபிடித்தது ஆள் வரை போய்ச் சேர வேண்டும் என்றால் அதற்கும் ஒரு சுமை தூக்கி வேண்டும். தொழிற்சாலை, கையிருப்பு, விலை, மாவட்ட ஆஸ்பத்திரி வரை ஒரு வழி. அதைச் செய்வதற்கு இன்னொரு பச்சாவத் தேவையில்லை. அரசாங்கம் போதும்.

பெரியப்பாவிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. சோப்பையும் லெசித்தினையும் சொன்னேன், வேலூரைச் சொன்னேன். "நம்ம வேலூரா?" என்று இரண்டு முறை கேட்டார். கொஞ்ச நேரம் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாடா மாதிரின்னு சொல்லேன்டா. தார் நாடாவுக்குள்ள போனாதான் இந்தக் கரையிலேந்து அந்தக் கரைக்கு ஊடை ஒழுங்கா போவும். வெறும் தாரைத் தூக்கிப் போட்டா பாவு பூரா சிக்கிக்கும். நூலு அதேதான்."

"அதேதான் பெரியப்பா."

"எனக்கு முதல் நாலு நாளு வெறும் தாரைப் போட்டாங்க."

ஆமாம் என்றேன். அவர் குரலில் புகார் இல்லை.

ஒற்றைக் கண்ணால் தூரம் பிடிபடுவதில்லை. சரிகை இழை அறுந்தால் முடிச்சுப் போட இரண்டு விரல்களும் காற்றில் ஒன்றையொன்று தேடுகின்றன. அதனால் தறியில் இப்போது பெரியம்மா உட்காருகிறார். பெரியப்பா திண்ணையில் ராட்டையை வைத்துக்கொண்டு தார் சுற்றுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரியேட்டினின் பார்க்கிறோம். போன முறை 1.4.